சுவரை ஒட்டிய கட்டில்

"மேடம், நான் டாக்டருக்குப் படிக்கிறேன். இவங்களோட உக்காந்து எனக்கு என்ன கத்துக்க இருக்கு?"

கேட்டவன் நவநீதன். இறுதியாண்டு மருத்துவ மாணவன். நல்ல மார்க். அது முகத்திலேயே தெரியும்.

'இவங்க' என்றது பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களை. ஜெனிட்டா நர்சிங் படிப்பவள், நாகர்கோவில் பக்கம். சுமையா பிசியோதெரபி படிப்பவள். விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைக்கும் படிப்பு.

அவன் சொன்னது இருவருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னான்.

மங்கையர்க்கரசி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதியோர் வார்டுக்கு வரும் மாணவர்களுக்கு அவர்தான் பொறுப்பு. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. கோட்டு போடமாட்டார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் கிடையாது. டாக்டரா, நர்ஸா, வேறு ஏதாவதா என்று மாணவர்கள் யாருக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பதில் வாங்கியவர்கள் இல்லை.

"அந்தக் கட்டிலைப் பிடி," என்றார்.

"எந்தக் கட்டில்?"

"ஆள் படுத்திருக்கிறது. மூஞ்சில வெயில் அடிக்குது பாரு. தள்ளிப் போடு."

"அட்டெண்டரைக் கூப்பிடவா மேடம்?"

"உன்னைத்தான் கூப்பிட்டேன்."

நவநீதன் தலைமாட்டைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தான். கட்டில் முனகியது. படுத்திருந்த கிழவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஜெனிட்டா குனிந்தாள். சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டிவிட்டாள். சுமையா கால்மாட்டைப் பிடித்தாள். கட்டில் நிழலுக்குப் போனது.

"நகர்ந்துச்சா?" என்றார் மங்கையர்க்கரசி.

"நகர்ந்துச்சு."

"அப்ப வேலையைப் பாரு."

நவநீதனுக்குக் கோபம் வந்தது. கேட்டதற்குப் பதிலும் வரவில்லை, சட்டையும் கசங்கிவிட்டது.

*

கட்டிலில் இருந்தவர் பெயர் சடையாண்டி.

வாழைக்காய் மண்டியில் ஏலம் விட்டவர். தெருவில் விழுந்து இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்திருந்தார். மனைவி இல்லை. பிள்ளை இல்லை. தனி வீடு.

மங்கையர்க்கரசி மூன்று பேரையும் ஓரமாக அழைத்துப் போனார்.

"சனிக்கிழமை இவர் தங்கச்சி மகன் வர்றார். பெங்களூர்ல இருக்கார். மாமாவை வீட்டுக்கு அனுப்பலாமா, முதியோர் இல்லத்துல விடலாமான்னு கேப்பார். நீங்க சொல்லணும்."

"யார் சொல்லணும் மேடம்?" என்றான் நவநீதன்.

"மூணு பேரும். ஒரே பதிலா."

"ஆளுக்கொரு பதில் வந்தா?" என்றாள் சுமையா.

"மருமகனே முடிவு பண்ணிக்குவார். வீட்டுச் சாவி அவர் கையிலதான் இருக்கு."

"தாத்தா என்ன சொல்றாரு மேடம்?" என்றாள் ஜெனிட்டா.

"கேட்டுக்கோங்க. வாய் இருக்குல்ல?"

அவ்வளவுதான். போய்விட்டார்.

*

முதலில் போனவன் நவநீதன்.

கட்டிலின் வலது பக்கம் நின்றான். மருத்துவ மாணவன் அங்கேதான் நிற்பான். நோயாளியின் வலது கைப்பக்கம். முதல் முதலாக வார்டுக்குள் காலெடுத்து வைத்த நாளில் சொல்லிக்கொடுத்தது. பரீட்சையில் இடது பக்கம் போய் நின்றால் வாயைத் திறப்பதற்கு முன்பே மார்க் போய்விடும். அந்தப் பயத்தில் வீட்டில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றாலும் சுற்றிக்கொண்டு வலது பக்கம்தான் வருவான்.

முகத்தில் மாஸ்க். கையில் கேள்விகள் அச்சடித்த தாள். வயதானவர்களின் நினைவைச் சோதிக்கும் கேள்விகள்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

சடையாண்டி அவன் முகத்தைப் பார்த்தார். சிரித்தார்.

"ஆச்சுப்பா."

"என்ன ஆச்சு?"

சிரிப்பு.

"சரி, இது எந்த ஊருய்யா?"

"கொஞ்சம் இருக்கு. முன்ன மாதிரி இல்ல."

நவநீதன் தாளில் ஒரு கோடு போட்டான்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"காலையிலேயே போயாச்சுப்பா. ஒண்ணும் தொந்தரவு இல்ல."

இன்னொரு கோடு.

நவநீதன் கெட்டிக்காரன். காது கேட்காமல் இருக்குமோ என்று ஒரு சந்தேகம் அவனுக்கும் வந்தது. வராமல் இல்லை. பின்னால் நகர்ந்து, பலமாக ஒரு தடவை கை தட்டினான்.

சடையாண்டி வெடுக்கென்று திரும்பினார். காது கேட்கிறது.

ஆனால் அவனைப் பார்த்துத் திரும்பவில்லை. ஆளே இல்லாத பக்கம் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டார்.

நவநீதன் தாளை மடித்துப் பையில் வைத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

*

அடுத்து சுமையா.

அவள் இடது பக்கம் போனாள். முறிந்தது இடது கால். விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழுவார். அங்கே நின்றால்தான் பிடிக்க முடியும். அவள் படிப்பில் அது முதல் பாடம்.

"தாத்தா, எந்திரிச்சு நிக்கலாமா?"

"நிக்கவா? நான் ஓடுறேன், நீ பிடி தாயி."

"முதல்ல நில்லுங்க. ஓடுறதை நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. மண்டி லீவு. ஓடி என்ன பிரயோசனம்?"

வாக்கரைப் பிடித்து நின்றார். வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார். எதிர்க் கட்டில்காரர் குறட்டை விடுவது, காப்பியில் தண்ணீர் கூடிக்கொண்டே போவது, வாட்ச்மேனுக்கும் கேண்டீன்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லாதது. வார்டில் அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை.

"வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க தாத்தா?"

"போனதும் பின்பக்கக் கதவைத் திறப்பேன். அடைச்சுக் கிடந்தா பல்லி வாடை வரும். சாவியை என் தங்கச்சி மகன் சோலைராஜ் கொண்டு போயிட்டான். அவன்கிட்ட மறக்காம வாங்கணும்." நின்றார். "கொடுப்பான்ல?"

"ஏன் கொடுக்கமாட்டாரு?"

"போன தடவை வந்தப்ப ஒரு மாதிரி பாத்தான் தாயி. செத்தவனைப் பாக்குற மாதிரி."

*

கேண்டீனில் மூன்று டீ. பேச்சு சண்டையாகத் திரும்ப டீ ஆறும் நேரம்கூடப் பிடிக்கவில்லை.

"அவருக்கு நிதானம் இல்ல," என்றான் நவநீதன். "கிழமை கேட்டா ஆச்சுங்கிறார். ஊரைக் கேட்டா கொஞ்சம் இருக்குங்கிறார். தனியா விட்டா கேஸைத் திறந்து வச்சிட்டுத் தூங்கிடுவார். இல்லம்தான்."

"யாருக்கு நிதானம் இல்ல?" என்றாள் சுமையா. "நாளைக்கு வெள்ளிக்கிழமைன்னு எனக்கே அவர்தான் சொன்னார். நீ வேற யாரையோ பாத்துட்டு வந்திருக்க."

"படுக்கை மேல பேர் எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

"படிக்க மட்டும்தான் தெரியும்."

"நீ முதல்ல நோயாளிக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு கத்துக்கோ. நான் பாத்தேன். இடது பக்கம் போய் நிக்கிற."

"உடைஞ்சது இடது கால். நான் வலது பக்கம் நின்னா, விழும்போது உங்கப்பாவா வந்து பிடிப்பாரு?"

ஜெனிட்டா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொல்ற?" என்றான் நவநீதன். அவளைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ரெண்டும்தான்."

"ரெண்டும்னா?"

"சில நேரம் ஜம்முன்னு பேசுவாரு. சில நேரம் ஒரு மண்ணும் இல்ல. அலமாரி பக்கம் நின்னு மாத்திரை குடுப்பேன். 'தாத்தா, தனியா எழும்பப்படாது, மணி அடிச்சுக் கூப்பிடணும்'னு சொல்லுவேன். 'சரிம்மா சரிம்மா'ன்னு சிரிப்பாரு. திரும்பி வந்து பாத்தா தனியா எழும்பி நிப்பாரு. பிடிவாதம்! அதே ஆளு, காலுக்குக் கட்டு மாத்தும்போ என் அம்மா பேரு, அண்ணன் பேரு, எங்க ஊர்ல சேனைக்கிழங்கு என்ன விலை, எல்லாம் கேப்பாரு. மனசு வச்சாத்தான் பேசுவாரு போல."

நவநீதன் மேசையில் தட்டினான். டீ தளும்பியது.

"அதேதான்! வந்து வந்து போகுது பாத்தியா? ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் குழப்பம். வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வர்ற மனக்குழப்பம் இப்படித்தான் இருக்கும். டெலிரியம். புத்தகத்துல முதல் வரியே இதுதான். சுமையா தெளிவா இருக்கிறப்ப பாத்திருக்கா. நான் குழப்பத்துல பாத்திருக்கேன். முடிஞ்சுது!"

பொருந்திவிட்டது. மூன்று பேர் சொன்னதும் ஒரே நோய்க்குள் அடங்கிவிட்டது.  சுமையா படித்த புத்தகத்திலும் அந்த வரி இருந்தது.

"பாவம் தாத்தா," என்றாள் ஜெனிட்டா.

*

மங்கையர்க்கரசி படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நவநீதன் ஓடிப்போய் மறித்தான்.

"மேடம், ஒரே பதில் வந்திருச்சு."

"எனக்கு இன்னும் வரல," என்றாள் பின்னால் வந்த சுமையா.

அவன் சொன்னான். தாள், கோடுகள், டெலிரியம், எல்லாம். மங்கையர்க்கரசி கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"காது பாத்தியா?"

"பாத்தேன் மேடம். பின்னால நின்னு கை தட்டினேன். கேக்குது."

"எந்தப் பக்கம் திரும்பினார்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். ஆளே இல்லாத பக்கம் பாக்குறார். பாத்துச் சிரிக்கிறார் வேற. இதைவிட என்ன வேணும்?"

"ம்."

"என்ன மேடம், ம்?"

"மூணு பேரும் சேர்ந்து எத்தனை தடவை பாத்தீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சேர்ந்தா? அவங்கவங்க நேரத்துக்குத்தானே மேடம் போக முடியும்?" என்றான் நவநீதன்.

மங்கையர்க்கரசி படியில் இறங்கிப் போய்விட்டார். பாதியில் நின்று சொன்னார்.

"நாளைக்குக் காலையில சேர்ந்து போங்க. கட்டிலை மட்டும் தொடாதீங்க."

*

மறுநாள் காலை கட்டில் இடம் மாறியிருந்தது.

வலது பக்கம் முழுக்கச் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. நடுவில் ஒரு தாளைக்கூடச் செருக முடியாது. அலமாரியையும் ஸ்டூலையும் கால்மாட்டுக்குத் தள்ளியிருந்தார்கள்.

"யார் செஞ்ச வேலை இது?" என்றான் நவநீதன்.

"மேடம்தான் வந்து தள்ளச் சொன்னாங்க," என்றாள் ஜெனிட்டா. "நானும் ஒரு கை பிடிச்சேன்."

"நான் எங்க நிக்கிறது?"

"இந்தப் பக்கம் இடம் கிடக்கே."

"அந்தப் பக்கமா? யாராவது புரபசர் வந்தா?"

"சுவத்துக்குள்ள நிக்கிறியா?" என்றாள் சுமையா. "நில்லு. பூசிவிடுறோம்."

வேறு வழியில்லை. மூன்று பேரும் இடது பக்கம் இடித்துக்கொண்டு நின்றார்கள். நவநீதன் நடுவில். யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று மார்க்கை வெட்டுவதுபோல் கூசியது அவனுக்கு.

தாளை எடுத்தான். மாஸ்கைச் சரிசெய்தான். அதே கேள்வி. அதே குரல்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. ஏன்ப்பா, உங்க காலேஜ்ல வேற கிழமையா?"

சுமையா இருமினாள்.

"இது எந்த ஊரு?"

"நான் எலும்பை உடைச்ச ஊரு. எந்த வார்டு, எத்தனாவது மாடின்னும் சொல்லணுமா?"

"நான் யாருன்னு தெரியுதா?"

சடையாண்டி அவனைக் கூர்ந்து பார்த்தார்.

"கட்டிலைப் பூட்டு எடுக்காம இழுத்த தம்பிதானே நீ?"

ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். நவநீதன் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தான். கோடுகளைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.

பிறகு, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டான்.

"ஐயா, எப்படி விழுந்தீங்க? தலை சுத்திச்சா?"

"தலை ஏன் சுத்துது? ரோட்டைத் தாண்டினேன். ஒரு பைக்குக்காரன் வந்துட்டான்."

"எந்தப் பக்கமிருந்து?"

"சோத்தாங்கைப் பக்கம்."

"ஹாரன் அடிச்சிருப்பானே?"

சடையாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். 

"அடிச்சிருப்பான்," என்றார்.

*

 அவராகவே பேசினார்.

"சின்னதுல சீழ் வந்துச்சு. எண்ணெயைக் காய்ச்சி ஊத்தினாங்க. சோத்தாங்கைப் பக்கத்துக் காது அதோட போச்சு."

"யாருக்கும் தெரியாதா தாத்தா?" என்றாள் ஜெனிட்டா.

"பேச்சிக்குத் தெரியும். என் வீட்டுக்காரி. நடந்தாலும் படுத்தாலும் இந்தப் பக்கம்தான் இருப்பா. அவ போனதுக்கப்புறம் தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

"மண்டியிலகூடவா?"

"மண்டியில தெரியலாமா? ஏலம் விடுறவனுக்குக் காது அரைன்னு தெரிஞ்சா எவன் வாழைத்தாரை இறக்குவான்? 'நான் கேட்டேன், உனக்குக் கேக்கல'ன்னு தினம் சண்டைக்கு நிப்பான்." சடையாண்டிக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஒரு வேலை செஞ்சேன். பீச்சாங்கைப் பக்கம் நின்னு கேக்குறவனுக்கு ராசின்னு கிளப்பிவிட்டேன். பீச்சாங்கைப் பக்கம் ராசின்னு எவனாவது சொல்வானா? நான் சொன்னேன். முதல் வாரம் அந்தப் பக்கம் நின்னவனுக்கு நல்ல தாரா தள்ளிவிட்டேன். அப்புறம் பாரு, மொத்த மண்டியும் அந்தப் பக்கம்தான். இடிச்சுக்கிட்டு நிப்பானுங்க. நான் விலகின பிறகும் அப்படியேதான் நிக்கிறானுங்களாம். ஏன்னு ஒருத்தனும் கேக்கல."

நவநீதனுக்குக் காது சிவந்தது.

"ஐயா," என்றான். "நான் அந்தப் பக்கம் நின்னு கேட்டப்ப, கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே?"

"உன் வாயைத்தான் துணி போட்டு மூடியிருந்தியே. சரி, டாக்டர் என்ன கேப்பார்? சாப்பிட்டாச்சா, வலி இருக்கா, வெளிய போனீங்களா. எப்பவும் அதே வரிசை. நானும் அதே வரிசையில பதில் சொல்லிட்டு வந்தேன். நீ நடுவுல வரிசையை மாத்திட்ட போல."

இந்த முறை நவநீதனும் சிரித்துவிட்டான்.

"நான் மணி அடிக்கச் சொன்னது?" என்றாள் ஜெனிட்டா.

"எப்பம்மா சொன்ன?"

ஜெனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தினமும் சொல்லுகேன் தாத்தா. நீங்களும் தினமும் சரிங்கிய. உங்களுக்குப் பிடிவாதம்னு ஊர் பூரா சொல்லியாச்சு."

"அதுவும் உண்டு," என்றார் சடையாண்டி.

"காது டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுவோம் ஐயா," என்றான் நவநீதன்.

"காட்டலாம். முதல்ல வீடு." பிறகு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளிய சொல்லிடாதீங்க. முக்கியமா சோலைராஜ்கிட்ட. அவன் அப்பனும் மண்டிக்காரன்தான். ராத்திரிக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நான் விட்ட ஏலத்தையெல்லாம் தோண்டி எடுத்துப் பேசுவானுங்க."

"சொல்லமாட்டோம்."

"சத்தியமா?"

"சத்தியமா தாத்தா."

*

அன்று முழுக்க மூவரும் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

சுமையா அவரை வாக்கரோடு கழிவறை வரை நடத்தினாள். வீட்டில் படி எத்தனை, வழுக்கும் இடம் எது என்று அவள் கேட்கக் கேட்க அவர் விரலால் போர்வையில் வரைந்து காட்டினார். ஜெனிட்டா மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவரையே பிரிக்கச் சொன்னாள். அவர் தப்பில்லாமல் பிரித்தார். மனக்குழப்பத்துக்காகத் தன் தாளில் குறித்து வைத்திருந்த மாத்திரையின் பெயரை நவநீதன் அடித்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவனே போன் போட்டுப் பேசினான். காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பதாக அவர் சொன்னார்.

சாயங்காலம் மங்கையர்க்கரசி வந்தார்.

"மேடம்," என்றான் நவநீதன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எது?"

அவன் வாயைத் திறந்தான். சத்தியம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

"நீங்க என்னதான் படிச்சீங்க மேடம்?"

"கட்டிலைத் தள்ளப் படிச்சேன்," என்றார். போய்விட்டார்.

*

சனிக்கிழமை காலை வார்டைக் கழுவினார்கள். கழுவியவர்கள் கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டுப் போனார்கள். அலமாரியும் ஸ்டூலும் பழையபடி வலது பக்கம்.

சோலைராஜ் பத்து மணிக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பழம் வாங்கி வந்திருந்தார். தூக்கம் இல்லாத கண்கள். வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கை.

மூன்று மாணவர்களும் கால்மாட்டில் நின்றார்கள். மங்கையர்க்கரசி ஜன்னல் ஓரம்.

"இவங்க சொல்வாங்க," என்றார்.

நவநீதன் முன்னால் வந்தான்.

"சார், உங்க மாமாவை வீட்டுக்கு அனுப்பலாம். நாங்க மூணு பேரும் பாத்துட்டோம்."

சோலைராஜ் தலையாட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது.

"நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க தம்பி. ஆனா நான் இவர்கிட்ட பேசிப் பாத்துட்டேன். போன வாரம் இதே இடத்துல உக்காந்து பேசினேன். ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றார். மாமாவுக்கு முன்ன மாதிரி இல்ல. நான் பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு தினம் பயந்துட்டு இருக்க முடியாது. இல்லத்துல சொல்லி வச்சிட்டேன். கார் கீழ நிக்குது."

"சார், அவரையே கேளுங்க," என்றாள் சுமையா.

"கேக்காமலா?" சோலைராஜ் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான்கு பேர் முன்னால் கேட்கக் கூச்சம். "மாமா. இல்லத்துக்கே போயிடலாமா? நல்லா பாத்துக்குவாங்க. வீட்டைப் பூட்டியே வச்சிருவோம்."

சடையாண்டி மருமகன் முகத்தைப் பார்த்தார். சிரித்தார்.

"சரிப்பா. சரிப்பா."

சோலைராஜுக்குக் கண் கலங்கியது.

"பாத்தீங்களா? அவரே சொல்லிட்டார்."

எழுந்திருக்கப் போனார். ஒரு கை சட்டைப் பையில் கார்ச் சாவியைத் தேடியது.

ஜெனிட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சடையாண்டி அவளைப் பார்த்தார். சற்று முன்னிருந்த சிரிப்பு இல்லை அந்தப் பார்வையில். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்திருந்தது. இருந்தும் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம்.

ஜெனிட்டா வாயை மூடினாள். சுமையா பல்லைக் கடித்தாள். மங்கையர்க்கரசி ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நவநீதன் நடந்தான். சோலைராஜுக்குப் பின்னால் போய் ஸ்டூலைத் தூக்கினான்.

"என்ன தம்பி?"

"ஒரு நிமிஷம் சார்."

ஸ்டூலோடு கட்டிலைச் சுற்றினான். வழியில் வாக்கர் நின்றது. சுமையா அதை இழுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசை நின்றது. ஜெனிட்டா அதைத் தள்ளினாள். 

இடது பக்கம், தலைமாட்டுக்கு அருகில், நவநீதன் ஸ்டூலை வைத்தான்.

"இங்க உக்காந்து இன்னொரு தடவை கேளுங்க சார்."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?"

"இல்ல சார்," என்றான் மருத்துவ மாணவன். "இந்தப் பக்கம்தான் ராசி."

சோலைராஜ் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எங்கப்பாவும் மண்டியில இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தார்."

வந்து உட்கார்ந்தார். மாமாவின் இடது கையைப் பிடித்தார். அதே தாழ்ந்த குரல்.

"மாமா. இல்லத்துக்கே போயிடலாமா?"

சடையாண்டி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எங்க? இல்லத்துக்கா? ஏண்டா, என் வீட்டுக்கு என்ன கேடு? கழிவறையில கம்பி அடிக்கணும்னு இந்தப் பிள்ளை சொல்லியிருக்கு, வாசப்படியில ஒரு கல்லைப் போடணும், அதுக்கு ஆளைப் பிடி. மாத்திரையெல்லாம் பெட்டியில பிரிச்சாச்சு. நீ வாங்கிட்டு வந்த பழம் கனியல, கொண்டு போய் உன் பொண்டாட்டிகிட்ட கொடு. என்ன முழிக்கிற?"

கையை நீட்டினார்.

"சாவி உன் பையிலதானே இருக்கு? எடு."